குழந்தைப் பருவ உணவு ஒவ்வாமையும் காலப்போக்கில் மாறும் தடுப்பாற்றலும்: ‘கரப்பான் பண்டம்’ என்னும் வழக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் தோன்றினால், உண்ட உணவே அதற்குக் காரணம் என்று கருதி அவ்வுணவை நீண்ட காலம் விலக்குவது தமிழ்க் குடும்பங்களில் நிலைத்த வழக்கமாகும். ‘கரப்பான் பண்டம்’ என்னும் தொடர் இவ்வழக்கின் மொழிச் சான்றாக விளங்குகிறது. அண்மைக் காலத் தடுப்பாற்றலியல் ஆய்வுகள் இவ்வுறவின் மறுதிசையையும் காட்டுகின்றன. புண்பட்ட தோலின் வழியே உணவுப் புரதம் உடலுக்கு அறிமுகமாகும்போது ஒவ்வாமை தோன்றக்கூடும். வாய்வழியே உரிய காலத்தில் அறிமுகமாகும்போது ஏற்புத்திறன் வளர்கிறது. தோன்றிய ஒவ்வாமையும் நிலையானதன்று. உணவுக்கு உணவு வேறுபட்ட வேகத்தில் அது வயதோடு மாறுகிறது. புதுச்சேரி மாநிலத்துக் கரிக்கலாம்பாக்கம் வட்டாரத்தின் உணவு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றின் பின்னணியில் இம்மாற்றத்தை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: உணவு ஒவ்வாமை, தடுப்பாற்றல், ஏற்புத்திறன், கரப்பான், மல்லாட்டை, குழந்தை உணவு.

முன்னுரை

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை ஒட்டிய வட்டாரத்தில் அமைந்த ஊர் கரிக்கலாம்பாக்கம். சுற்றுப்புறச் சிற்றூர்களின் தாய்மாரும் குழந்தைகளும் நாடும் சமுதாய நலவழி மையம் இவ்வூரில் உள்ளது. நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் நிலம் ஒருபுறம். சிறிது தொலைவிலேயே கடற்கரை மறுபுறம். ஆகவே சோறு, பருப்பு, மல்லாட்டை என இவ்வட்டாரத்தார் வழங்கும் நிலக்கடலை, முட்டை, மீன், இறால் ஆகிய அனைத்தும் இங்கு வளரும் குழந்தையின் உணவு எல்லைக்குள் எளிதில் வருகின்றன. பால், முட்டை, நிலக்கடலை, மீன், இறால் போன்றவை உலக அளவில் ஒவ்வாமையை மிகுதியாகத் தோற்றுவிக்கும் உணவுகளின் வரிசையிலும் இடம்பெறுகின்றன.

இவ்வட்டாரத்தில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று முட்டை உண்டதும் உடலெங்கும் தடித்துச் சிவந்தது எனக் கொள்வோம். வீட்டார் முட்டையை விலக்குவர்; அது முறையான செயலே. அக்குழந்தை பள்ளிக்குச் செல்லும் வயதிலும் முட்டையை விலக்க வேண்டுமா என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. ‘இந்தப் பிள்ளைக்கு முட்டை ஆகாது’ என்பது அதன் பெயரைப் போல ஒட்டிக்கொள்கிறது. மற்றொரு வீட்டில், முட்டை உண்டு எந்தத் தீங்கும் அடையாத குழந்தைக்கும், தோலில் கரப்பான் இருப்பதனாலேயே முட்டையும் மல்லாட்டையும் மறுக்கப்படுகின்றன. இவ்விரு நிலைகளிலும் காலம் என்னும் கூறு கணக்கில் கொள்ளப்படவில்லை. அக்கூறை மீட்டெடுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சொல்லும் பொருளும்

உடலுக்கு ஒத்துவரும் உணவு, ஒத்துவராத உணவு என்னும் பகுப்பு தமிழ் மரபிற்குப் புதிதன்று. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ உண்ணும் அளவையும் உணவின் பொருத்தத்தையும் நலத்தின் அடிப்படையாக வைக்கிறது. சித்த மருத்துவம் குழந்தைகளின் தோல் நோயைக் கரப்பான் என்றும், திடீரெனத் தோன்றி மறையும் தடிப்பைக் காணாக்கடி என்றும் வேறுபடுத்தி வழங்குகிறது. கரப்பானை மிகுவிப்பதாகக் கருதப்படும் உணவுகளே கரப்பான் பண்டங்கள். கத்தரிக்காய், கருவாடு, கம்பு, சோளம் முதலியன அவ்வகையில் பரவலாகச் சுட்டப்படுகின்றன.

இன்று நாம் வழங்கும் ‘ஒவ்வாமை’ என்னும் சொல் பொருந்தாத தன்மையைக் குறிக்கிறது. இச்சொல்லில் நிலைத்த பண்பு என்னும் தொனி உண்டு. இதற்கு நிகரான ‘அலர்ஜி’ என்பதை 1906ஆம் ஆண்டு உருவாக்கியவர் வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் கிளமென்ஸ் வான் பிர்க்கே. ‘வேறு’, ‘செயல்’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, ஒரு பொருளை முன்பே சந்தித்த உடல் அடுத்த முறை மாறுபட்டு வினைபுரிவதை அவர் சுட்டினார். எனவே அச்சொல்லின் வேரிலேயே மாற்றம் என்னும் கருத்து பொதிந்துள்ளது. தமிழ்ச் சொல் நிலையைச் சுட்ட, மூலச்சொல் நிகழ்வைச் சுட்டுகிறது. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், ‘ஆகாது’ என ஒருமுறை சொல்லப்பட்ட உணவு என்றென்றும் ஆகாததாகவே எண்ணப்படுவதில் இதற்கும் பங்குண்டு எனலாம்.

ஒவ்வாமையோடு மயங்கத்தக்க மற்றொரு நிலையையும் இங்கே பிரித்துணர்தல் வேண்டும். பால் அருந்தினால் வயிறு உப்புவதும் கழிச்சல் ஏற்படுவதும் பெரும்பாலும் பாற்சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதியின் குறைவால் நிகழ்வன. இதில் தடுப்பாற்றலுக்குப் பங்கில்லை. பாலின் புரதத்திற்கு எதிராகத் தடுப்பாற்றல் வினைபுரிவதே பால் ஒவ்வாமை. காலத்தின் திசையிலும் இவை வேறுபடுகின்றன. பால் ஒவ்வாமை பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்தில் தோன்றி வயது ஏற ஏறத் தணிகிறது. நொதிக் குறைவோ பொதுவாகக் குழந்தைப் பருவம் கடந்த பின் வெளிப்பட்டு நிலைக்கிறது.

2. எதிர்ப்பொருளின் கண்டறிவு

உணவு ஒவ்வாமைக்குக் காரணமான ஒன்று குருதியில் உள்ளது என்பதை 1921ஆம் ஆண்டு பிரவுஸ்னிட்ஸ், குஸ்ட்னர் என்னும் இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டினர். குஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாமை உண்டு. அவருடைய குருதி நீரைப் பிரவுஸ்னிட்சின் தோலில் செலுத்தி, மறுநாள் அவ்விடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது தடிப்பு எழுந்தது. மீன் ஒவ்வாமை இல்லாத ஒருவரின் தோலில், மற்றொருவரின் குருதியால் அது தோன்றியது. அக்குருதிப் பொருள் இன்னதென்று தெளிய மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1966–67ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் இஷிசாகா இணையரும், சுவீடனில் யோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே அதனைக் கண்டறிந்தனர். 1968இல் அது ‘இம்யூனோகுளோபுலின் ஈ’, சுருக்கமாக ‘ஐஜி-ஈ’, எனப் பெயர் பெற்றது.

ஐஜி-ஈ எதிர்ப்பொருள் தோலிலும் குடலிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மீது பொருந்தியிருக்கும். குறிப்பிட்ட உணவுப் புரதம் வந்து அதனோடு பிணையும்போது மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளியிடுகின்றன. தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல் முதலியன சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் தோன்றுகின்றன. மிகக் கடுமையான நிலையில் குருதி அழுத்தம் வீழ்ந்து உயிருக்கு ஊறு நேரும். அந்நிலைக்குத் தசையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே முதன்மை மருந்தாகும்.

குருதியில் உலவும் ஐஜி-ஈ சில நாள்களிலேயே சிதைந்துவிடும் இயல்புடையது. ஆயினும் ஒவ்வாமை பல்லாண்டுகள் நீடிக்கக் காரணம், அவ்வெதிர்ப்பொருளை மீண்டும் மீண்டும் உருவாக்கும் நினைவுச் செல்கள் உடலில் தங்கியிருப்பதேயாகும். அந்நினைவு வலுவிழக்குமா, நிலைக்குமா என்பதே ஒவ்வாமை மாறுமா என்னும் வினாவின் உட்பொருள்.

3. ஏற்புத்திறன்: குடலின் கல்வி

நாள்தோறும் அயற்புரதங்களை உண்டும் பெரும்பாலோருக்கு ஒவ்வாமை தோன்றுவதில்லை. குடல் வழியே வரும் உணவைப் பகையன்று என ஏற்குமாறு தடுப்பாற்றல் பயில்விக்கப்படுகிறது. இப்பயிற்சியில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் முதன்மையான இடம் பெறுகின்றன. 1995ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர் ஷிமோன் சகாகுச்சி இச்செல்களை அடையாளம் காட்டினார். 2001ஆம் ஆண்டு மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் இவற்றை ஆளும் மரபணுவோடு தொடர்புடைய கண்டறிவை வெளியிட்டனர். இம்மூவருக்கும் 2025ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஏற்புத்திறன் என்பது தடுப்பாற்றல் செயலற்றுக் கிடப்பதன்று. முனைந்து அடக்கும் செயல் என்பது இவ்வாய்வுகளின் சாரமாகும். உண்ணப்படும் உணவுக்கு எதிராக உடல் ‘ஐஜி-ஜி4’ போன்ற வேறு வகை எதிர்ப்பொருள்களையும் உருவாக்குகிறது. இவை ஒவ்வாமையின் அடையாளங்கள் அல்ல. அவ்வுணவோடு உடல் பழகியிருப்பதன் அடையாளங்கள். ஆகவே ஐஜி-ஜி அளவைக் கொண்டு ‘விலக்க வேண்டிய உணவுகள்’ எனப் பட்டியல் தரும் வணிகச் சோதனைகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை.

4. தோலின் வாயில்

ஏற்புத்திறனைக் கற்பிப்பது குடல் எனின், ஒவ்வாமையைக் கற்பிப்பது எது? இதற்கு விடைகூறும் முதன்மையான கருதுகோளை இங்கிலாந்தின் கிடியன் லாக் முன்வைத்தார். 2003ஆம் ஆண்டு அவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கைக்குழந்தைப் பருவத்தில் நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளைத் தோலில் பூசியதற்கும் பின்னர் நிலக்கடலை ஒவ்வாமை தோன்றியதற்கும் தொடர்பு காணப்பட்டது. 2006ஆம் ஆண்டு, தோலின் மேலடுக்கைக் காக்கும் ஃபிலாக்ரின் புரதத்தின் மரபணுக் குறைபாடு கரப்பானுக்கு வழிகோலுகிறது எனத் தெளிந்தது. காப்பு குன்றி அழற்சியுற்ற தோலின் வழியே உணவுப் புரதம் நுழையும்போது உடல் அதனை ஊறு எனப் பதிந்துகொண்டு ஐஜி-ஈயை உருவாக்குகிறது என்பதே இக்கருதுகோள்.

ஜப்பானில் நிகழ்ந்த ஒன்று இதற்கு அரிய சான்றாகும். சிதைக்கப்பட்ட கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய 2,000க்கும் மேற்பட்டோர், அதுவரை இயல்பாக உண்டுவந்த கோதுமை உணவுக்கே ஒவ்வாமை உற்றனர். சோப்பு நிறுத்தப்பட்ட பின் அவர்களுள் பலருக்கு எதிர்ப்பொருளின் அளவு படிப்படியாகக் குறைந்தது. தோல் ஒவ்வாமையைத் தோற்றுவிக்க இயலும் என்பதையும், தூண்டல் நின்றால் அது தணியக்கூடும் என்பதையும் இந்நிகழ்வு ஒருங்கே காட்டியது.

இங்கே கரப்பான் பண்டம் என்னும் வழக்கை மறுபடியும் நோக்கலாம். கரப்பானுக்கும் உணவுக்கும் தொடர்புண்டு என மரபு கண்டது பிழையன்று. மரபு உணவைக் காரணமாகவும் கரப்பானை விளைவாகவும் வைத்தது. இன்றைய ஆய்வு, பல குழந்தைகளிடம் கரப்பான் முந்தியும் உணவு ஒவ்வாமை பிந்தியும் வருவதைக் காட்டுகிறது. மேலும், கரப்பான் பண்டங்களாகச் சுட்டப்படும் கத்தரிக்காய், கம்பு, சோளம் ஆகியவை குழந்தைகளின் ஐஜி-ஈ ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணங்களாக அறியப்பட்டவை அல்ல.

குழந்தையை எண்ணெய் தேய்த்து நீராட்டுதல், கடலை மாவும் பயற்று மாவும் கலந்த நலங்கு மாவு பூசுதல் ஆகிய வழக்கங்களையும் இந்நோக்கில் எண்ணிப் பார்த்தல் தகும். கொண்டைக்கடலை இந்தியத் துணைக்கண்டத்தின் குறிப்பிடத்தக்க ஒவ்வாமை உணவு என மும்பை ஆய்வாளர்கள் 2001ஆம் ஆண்டிலேயே பதிவு செய்துள்ளனர். இப்பதிவு நலங்கு மாவைக் குற்றம் சாட்டுவதாகாது. நலமான தோலுக்கு இவ்வழக்கம் தீங்கு என்று கூறவும் இயலாது. ஆயினும் கரப்பான் கண்டு வெடித்த தோலில் பருப்பு மாவையும், புரதம் எஞ்சியிருக்கக்கூடிய செக்கு நிலக்கடலை எண்ணெயையும் தவிர்ப்பது கருதுகோளுக்கு இயைந்த எச்சரிக்கையாகும்.

5. வயதோடு மாறும் ஒவ்வாமை

ஒவ்வாமை தணியும் வேகம் உணவைப் பொறுத்து வேறுபடுகிறது. பால், முட்டை, கோதுமை, சோயா ஆகியவற்றின் ஒவ்வாமை பெரும்பாலும் தணிகிறது. நிலக்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்கே நீங்குகிறது. முந்திரி முதலிய கொட்டைகள், மீன், இறால், நண்டு ஆகியவற்றின் ஒவ்வாமை பெரும்பாலும் நிலைக்கிறது. இறால், நண்டு ஒவ்வாமை வளர்ந்த பின்னரும் புதிதாகத் தோன்றலாம்.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, பால் ஒவ்வாமையுற்ற குழந்தைகளுள் 4 வயதிற்குள் 19 விழுக்காட்டினரும், 8 வயதிற்குள் 42 விழுக்காட்டினரும், 12 வயதிற்குள் 64 விழுக்காட்டினரும், 16 வயதிற்குள் 79 விழுக்காட்டினரும் நலமுற்றனர். முட்டையைப் பொறுத்தவரை 10 வயதில் 37 விழுக்காடும் 16 வயதில் 68 விழுக்காடும் காணப்பட்டன. இதற்கு மாறாக, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் பொதுமக்களிடையே திரட்டப்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கிய ‘ஹெல்த்நட்ஸ்’ ஆய்வில், ஆறு வயதிற்குள்ளாகவே முட்டை ஒவ்வாமை 89 விழுக்காட்டினருக்கும் நிலக்கடலை ஒவ்வாமை 29 விழுக்காட்டினருக்கும் நீங்கியிருந்தது. சிறப்பு மருத்துவமனையை நாடி வருவோர் கடுமையான நோயுற்றோர். பொதுமக்களிடையே இலேசான நிலையும் அடங்கும். இவ்விரு ஆய்வுகளின் வேறுபாட்டிற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

தணிதல் ஒரே நாளில் நிகழ்வதும் இல்லை. பால், முட்டை ஒவ்வாமையுற்ற குழந்தைகளுள் பெரும்பான்மையோர் அவற்றை மாவோடு கலந்து நெடுநேரம் அடுமனைச் சூட்டில் வெந்த வடிவில் முதலில் ஏற்கத் தொடங்குகின்றனர். சில புரதங்களின் வடிவம் வெப்பத்தால் சிதைவதே இதற்குக் காரணம். ஆனால் பாலின் கேசீன் வெப்பத்தைத் தாங்கவல்லது. ஆகவே பாலை நன்கு காய்ச்சிவிட்டால் ஒவ்வாமை வாராது என எண்ணுவது தவறாகும். வறுத்த மல்லாட்டையை விட அவித்த மல்லாட்டையில் ஐஜி-ஈயோடு பிணையும் ஆற்றல் குறைவு என ஆய்வுகள் காட்டினாலும், ஒவ்வாமை உறுதிப்பட்ட குழந்தைக்கு அதுவும் பாதுகாப்பானதன்று.

6. காலம் தாழ்த்தியதன் படிப்பினை

2000ஆம் ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், ஒவ்வாமை வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு முட்டையை இரண்டு வயது வரையிலும் நிலக்கடலை, மீன் ஆகியவற்றை மூன்று வயது வரையிலும் தள்ளிவைக்குமாறு பரிந்துரைத்தது. சான்று போதாமையால் 2008இல் அப்பரிந்துரை கைவிடப்பட்டது. அதே ஆண்டில் வெளியான ஆய்வொன்று, நிலக்கடலையைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே உண்ணும் இஸ்ரேலிய யூதக் குழந்தைகளிடம் 0.17 விழுக்காடாக இருந்த நிலக்கடலை ஒவ்வாமை, அதனைத் தாமதித்து உண்ணும் இங்கிலாந்து யூதக் குழந்தைகளிடம் 1.85 விழுக்காடாக இருந்ததைக் காட்டியது.

இவ்வேறுபாட்டைச் சோதித்த ‘லீப்’ ஆய்வு 2015இல் வெளியானது. கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடைய, 4 முதல் 11 மாதத்திற்குட்பட்ட 640 குழந்தைகள் இரு பிரிவாக்கப்பட்டனர். தோற்சோதனையில் எதிர்வினை காட்டாத குழந்தைகளுள், ஐந்து வயதில் நிலக்கடலையை விலக்கியோரிடம் 13.7 விழுக்காடும் உண்டோரிடம் 1.9 விழுக்காடும் ஒவ்வாமை காணப்பட்டது. 2024இல் வெளியான தொடர் ஆய்வில், பதின்பருவத்திலும் அவ்வேறுபாடு 15.4 விழுக்காட்டுக்கு 4.4 விழுக்காடு என நிலைத்திருந்தது. காக்கக் கருதி விலக்கியதே ஒவ்வாமையை மிகுவித்தது என்பது இதன் பொருள்.

7. சோதனைத் தாளும் நோயும்

இந்தியச் சூழலுக்கு நெருக்கமான தரவு கருநாடகத்திலிருந்து கிடைக்கிறது. பெங்களூரு, மைசூரு ஆகிய இடங்களில் நடைபெற்ற ‘யூரோபிரவால்’ ஆய்வில், பெரியவர்களுள் 26.5 விழுக்காட்டினரின் குருதியில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிரான ஐஜி-ஈ காணப்பட்டது. ஆனால் உணவு ஒவ்வாமை இருக்கக்கூடியோர் 1.2 விழுக்காட்டினரே. குழந்தைகளிடம் அவ்விகிதம் 0.14 விழுக்காடு மட்டுமே. இறாலின் டிரோபோமயோசின் புரதம் வீட்டுத் தூசிப் பூச்சி, கரப்பான்பூச்சி ஆகியவற்றின் புரதத்தோடு ஒத்திருத்தல் போன்ற காரணங்களால், இறாலையே உண்ணாதவரிடமும் இறாலுக்கு எதிரான ஐஜி-ஈ தோன்றலாம்.

ஆகவே எதிர்ப்பொருள் இருப்பது வேறு. உண்டால் நோயுறுவது வேறு. உண்டபின் நேர்ந்த அறிகுறிகளின் வரலாறு இன்றிக் குருதிச் சோதனைத் தாளை மட்டும் கொண்டு உணவுகளை விலக்கினால், விலக்கப்படுவன பெரும்பாலும் குழந்தைக்குத் தீங்கற்ற உணவுகளாகவே இருக்கும். மருத்துவர் கண்காணிப்பில் சிறிது சிறிதாக உண்ணச் செய்து நோக்கும் சோதனையே உறுதியான சான்றாகும்.

நாட்டுப்புறத்தில் இந்நோய் குறைவு என்பதால் கவலையின்றி இருத்தலும் தகாது. தென்னாப்பிரிக்க ஆய்வொன்றில் கேப் டவுன் நகரக் குழந்தைகளிடம் 2.5 விழுக்காடும் நாட்டுப்புறக் குழந்தைகளிடம் 0.5 விழுக்காடும் உணவு ஒவ்வாமை காணப்பட்டது. மெல்பர்ன் நகரில் கிழக்காசியப் பெற்றோருக்குப் பிறந்த குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை பிறரை விட மிகுந்திருந்தது. ஒரே மரபினரிடமும் வாழ்சூழல் மாறும்போது தடுப்பாற்றலின் போக்கும் மாறும் என்பதற்கு இவை சான்றுகள். நகர விளிம்பாக மாறிவரும் புதுச்சேரிச் சிற்றூர்களுக்கு இது பொருந்தும்.

8. கரிக்கலாம்பாக்கம் வட்டாரத்திற்குப் பொருந்துவன

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் நான்கு கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்னும் நெறியோடு முரணாமல், ஆறாம் மாதம் நிறைந்ததும் இணை உணவைத் தொடங்கி, முட்டை, மல்லாட்டை முதலியவற்றைக் காரணமின்றித் தள்ளிப்போடாதிருத்தல் வேண்டும். மல்லாட்டையை நைய அரைத்துக் கஞ்சியில் கலந்தே தருதல் வேண்டும். முழுப் பருப்பு சிறு குழந்தைகளின் மூச்சுக்குழலை அடைத்துவிடும்.

இரண்டாவது, கரப்பான் கண்ட குழந்தைக்கு முதல் தேவை தோலைப் பேணும் மருத்துவமாகும். கடும் கரப்பான் இருப்பின் முட்டை, மல்லாட்டை ஆகியவற்றை அறிமுகப்படுத்துமுன் மருத்துவரின் கருத்தைப் பெறுதல் தகும்.

மூன்றாவது, உண்டவுடன் தடிப்போ வாந்தியோ மூச்சுத் திணறலோ நேர்ந்த உணவை வீட்டில் மீண்டும் கொடுத்துச் சோதித்தல் கூடாது.

நான்காவது, அவ்வாறு விலக்கிய உணவையும் ஆண்டுக்கொரு முறையேனும் மருத்துவரிடம் மறுபரிசீலனைக்கு உட்படுத்துதல் வேண்டும். விலக்கிய நாளைக் குறித்துவைப்பது போலவே, மீண்டும் ஆராய வேண்டிய நாளையும் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்துக் குறித்துவைக்கலாம்.

முடிவுரை

குழந்தையின் தடுப்பாற்றல் பிறக்கும்போதே எழுதி முடிக்கப்பட்ட ஏடன்று. எந்தப் புரதத்தை, எந்த வயதில், எவ்வழியே சந்தித்தது என்பதைப் பொறுத்து அது கற்கிறது. கற்றதை மாற்றியும் கொள்கிறது. கரப்பானையும் உணவையும் இணைத்துக் கண்ட மரபின் கூர்நோக்கு மதிக்கத்தக்கது. அம்மரபு வகுத்த விலக்கு, காலவரையறை இன்றித் தொடரும்போது குழந்தை இழப்பது மலிவாகவும் அண்மையிலும் கிடைக்கும் புரத உணவை. உண்மையான ஒவ்வாமையை அறியாது விட்டால் இழக்க நேர்வது உயிரையே. இவ்விரு பிழைகளுக்கும் இடையே நெறி காண்பதற்கு, ‘இவ்வுணவு இக்குழந்தைக்கு ஆகாது’ என்னும் கூற்றோடு ‘இப்போது’ என்னும் சொல்லையும் சேர்த்து வழங்குதல் வேண்டும் என இக்கட்டுரை நிறுவுகிறது.